பியூஸ் எரிந்தால் அது ஒரு முறைப்பாடு

(எமது சங்கத்தின் வட்டார இளைஞர் கூட்டத்தில், வாகனம் ஓட்டும் தம்பிமாருக்கும் குடும்பத்தாருக்கும் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



சம்பளத்தைப் பற்றியும் காணியைப் பற்றியும் தலைவர் பேசிவிட்டார். எனக்குத் தந்த நேரத்தில் நான் பேசப்போவது பழைய வாகனத்தின் வயரையும் பியூஸையும் பற்றி. "சங்கக் கூட்டத்தில் இது எதற்கு மாஸ்டர்?" என்று முன்வரிசையில் ஒரு தம்பி இப்போதே சிரிக்கிறார். சொல்கிறேன்.

நம்முடைய தோட்டங்களில் ஓடுகிற வாகனங்களில் அநேகமானவை பழையவை. 2020 மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு மறுபடி திறந்தது. திறந்தாலும் அந்த விலைக்கு நம்மில் எத்தனை பேர் வாங்க முடியும்? ஆகவே பத்து, இருபது வருடம் ஓடிய வண்டியைத்தான் இன்னும் பல வருடம் ஓட்டப் போகிறோம்.

அந்த வண்டியில் யார் ஏறுகிறார்கள்? காலையில் பாடசாலைப் பிள்ளைகள். இரவில் பிரசவ வலி வந்த பெண். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும், உண்மை. ஆனால் எத்தனை தோட்டங்களில் அது லயத்து வாசல் வரை வர முடிகிறது? மேட்டு லயத்திலிருந்து பிரதான வீதி வரைக்கும் நோயாளியைக் கொண்டுவந்து சேர்ப்பது இந்தத் தம்பிமாரின் ஆட்டோதான். அந்த நேரத்தில், பனிமூட்டத்தில், ஒரு வளைவில் முன் லைட் பட்டென்று அணைந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். அதனால்தான் இது சங்கத்தின் விஷயம்.

நான் மெக்கானிக் இல்லை. பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். சாதாரண தரத்துக்குப் படிப்பிக்கிற மின்னோட்டப் பாடமும், நகரத்தில் கராஜ் வைத்திருக்கும் ஒரு பாஸ் எனக்குக் கைபிடித்துக் காட்டித் தந்த வேலையும் சேர்ந்ததுதான் இன்றைய பேச்சு.

முதலில் பியூஸ் என்றால் என்ன?

மலையிலிருந்து பீலிக்குத் தண்ணீர் குழாயில் வருகிறது. குழாய் தாங்கக்கூடியதை விட அதிக அழுத்தம் வந்தால் எங்கோ ஓரிடத்தில் வெடிக்கும். எங்கே வெடிக்கும் என்று நமக்குத் தெரியாது. மின்சாரத்தில் அப்படி விட முடியாது, ஏனென்றால் வயர் வெடிக்காது, சூடாகி எரியும். அதனால் வேண்டுமென்றே ஓரிடத்தில் மெலிந்த உலோகத் துண்டு ஒன்றை வைத்திருக்கிறார்கள். கரன்ட் அளவுக்கு மீறினால் முதலில் அது உருகி, பாதையைத் துண்டிக்கும். வயர் பிழைக்கும், வண்டி பிழைக்கும், உள்ளே இருப்பவர்கள் பிழைப்பார்கள்.

ஆகவே பியூஸ் எரிவது ஒரு முறைப்பாடு. "இந்தப் பாதையில் ஏதோ பிழை இருக்கிறது, வந்து பார்" என்று அது சொல்கிறது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு சிகரட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றி வைக்கிறோமே, அது முறைப்பாடு செய்த தொழிலாளியின் வாயை அடைத்து வேலைக்கு அனுப்புவது மாதிரி. பிழை அங்கேயே இருக்கும். சொல்லத்தான் ஆள் இருக்காது. நிர்வாகம் நம்மிடம் அப்படி நடந்தால் நாம் சும்மா இருப்போமா?

இப்போது சின்னக் கணக்கு ஒன்று. பயப்பட வேண்டாம், வகுத்தல் மட்டும்தான்.

ஆட்டோ, வேன், டிரக்டர் எல்லாம் பெரும்பாலும் 12 வோல்ட். பெரிய லொறிகள் பலவற்றில் 24 வோல்ட். பல்பின் வாட் எண்ணை வோல்ட்டால் வகுத்தால் அம்பியர் வரும். ஒரு வேனில் இரண்டு முன் பல்புகள், ஒவ்வொன்றும் 55 வாட். இரண்டும் சேர்ந்து 110. அதைப் 12 ஆல் வகுத்தால் 9 அம்பியர் சொச்சம். அந்தப் பாதைக்கு 15 அம்பியர் பியூஸ் போட்டிருந்தால் நிம்மதியாகத் தாங்கும். இப்போது தம்பி ஒருவர் வெளிச்சம் போதாது என்று 100 வாட் பல்ப் இரண்டு வாங்கிப் போடுகிறார். 200 வகுத்தல் 12. கிட்டத்தட்ட 17 அம்பியர். 15 அம்பியர் பியூஸ் எரியத்தானே செய்யும்? "இந்த பியூஸ் சரியில்லை" என்று 30 போடுகிறார். இப்போது பியூஸ் எரியாது. ஆனால் கம்பெனி போட்ட வயர் அதே மெல்லிய வயர். டேஷ்போர்டுக்குள் அது மெதுவாக வேகும், சுவிட்ச் உருகும். பியூஸ் வயருக்காகத்தான். வயரை மாற்றாமல் பியூஸின் அளவைக் கூட்டக் கூடாது. இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாலும் எனக்குப் போதும்.

தட்டையாக, இரண்டு கால் வைத்த பிளாஸ்டிக் பியூஸுக்கு நிறத்திலேயே அளவு இருக்கிறது. சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. மேலே எண்ணும் இருக்கும். பழைய வண்டிகளில் கண்ணாடிக் குழாய் மாதிரி பியூஸ், அதன் உலோக மூடியில் எண்ணைப் பொறித்திருப்பார்கள். எந்தப் பாதைக்கு எத்தனை என்று பியூஸ் பெட்டியின் மூடியில் இருக்கும். மூடி தொலைந்த வண்டி என்றால், அதே மாதிரி வண்டி வைத்திருப்பவரிடம் பார்த்து எழுதி ஒட்டி வையுங்கள்.

நம் வட்டாரத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஆளின் பெயர் வேண்டாம், அவர் நல்ல பிள்ளை. ஆட்டோவில் பாட்டுப் பெட்டி, கலர் லைட், இரட்டை ஹோர்ன் எல்லாம் பூட்டியிருந்தார். எல்லாவற்றுக்கும் கரன்ட் எடுத்தது ஒரே வயரிலிருந்து. பியூஸ் இரண்டு முறை எரிந்தது. மூன்றாம் முறை செப்பு இழைகளை முறுக்கி வைத்தார். மூன்று நான்கு இழையை முறுக்கினால் அது எத்தனை அம்பியரில் உருகும் என்று வைத்தவருக்கே தெரியாது. ஒரு நாள் மாலை, காய்ச்சல்காரப் பிள்ளையோடு ஒரு தாயை ஏற்றிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போகும் வழியில் முன்பக்கத்திலிருந்து புகை. நல்ல காலம், உடனே நிறுத்தி ஆட்களை இறக்கிவிட்டு பெட்டரி வயரை இழுத்தெடுத்தார். பிறகு திறந்து பார்த்தால், பாட்டுப் பெட்டிக்குப் போன வயர் தகரத் துளையின் ஓரத்தில் உரசி உரசித் தோல் கழன்று, செம்பு தகரத்தில் தொட்டுக்கொண்டிருந்தது. முதல் பியூஸ் எரிந்த அன்றே தேடியிருந்தால் அரை மணி நேர வேலை. புகை வந்த பிறகு வயர் கட்டு முழுவதும் மாற்ற வேண்டியதாயிற்று. எத்தனை நாள் ஓட்டம் நின்றது என்று எண்ணிப் பாருங்கள், லீசிங் தவணை நிற்காது.

சரி, பிழை எங்கே ஒளிந்திருக்கும்? மலைநாட்டு வண்டிகளில் இந்த இடங்களைப் பாருங்கள்.

ஒன்று, வயர் தகரத்தைத் துளைத்துப் போகும் இடம். அங்கே ஒரு ரப்பர் வளையம் இருக்க வேண்டும். பழைய வண்டியில் அது காய்ந்து விழுந்திருக்கும். நம்முடைய குண்டும் குழியுமான பாதையில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் வயர் அறுபடும்.

இரண்டு, ஹேண்டிலோடு சேர்ந்து திரும்புகிற வயர்கள். ஆட்டோவில் முக்கியம். மடங்கி மடங்கி உள்ளே இழை முறிந்துவிடும், வெளித்தோல் நன்றாகவே தெரியும்.

மூன்று, ஈரம். மழையும் பனியும் நமக்குப் புதிதல்ல. கனெக்டரைக் கழற்றினால் உள்ளே பச்சைப் பூஞ்சை மாதிரி படிந்திருக்கும். அது செம்பு அரித்தது. பின் லைட் கூட்டுக்குள் தண்ணீர் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

நான்கு, சைலன்சருக்கும் என்ஜினுக்கும் பக்கத்தில் தொங்கும் வயர். ஐந்து, எலி. ஓடாமல் நிற்கிற வண்டியில் எலி கூடு கட்டி வயரைக் கடித்துவிடும். ஆறு, நாம் பிறகு பூட்டிய எல்லாச் சாமான்களும். உண்மையைச் சொன்னால் தேடலை இந்த ஆறாவதிலிருந்து தொடங்குவது நல்லது.

இனித் தேடும் முறை. வேலையைத் தொடங்குமுன் சாவியை எடுங்கள். மோதிரம், கைச்சங்கிலி கழற்றுங்கள். வயரை வெட்டுவது, ஒட்டுவது என்றால் பெட்டரியைக் கழற்ற வேண்டும். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், அதாவது கழித்தல் குறி உள்ள பக்கம். பூட்டும்போது அதைக் கடைசியாக. ஏன்? நம் வண்டிகளில் பெரும்பாலும் நெகட்டிவ் வயர் பொடியோடு இணைந்திருக்கிறது. பொசிட்டிவ் பக்கத்தை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் தவறித் தகரத்தில் பட்டால் பெரிய தீப்பொறி பறக்கும். வேனின் ஸ்டார்ட்டரைச் சுழற்ற நூறு அம்பியருக்கு மேல் தரக்கூடிய பெட்டரி அது, விளையாட்டல்ல. பெட்டரியிலிருந்து தீப்பற்றும் வாயுவும் வரும், ஆகவே பக்கத்தில் பீடியும் வேண்டாம், நெருப்புக்குச்சி வெளிச்சமும் வேண்டாம்.

எரிந்த பியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணாடி தெளிவாக இருந்து இழை மட்டும் நடுவில் அறுந்திருந்தால், பாரம் கொஞ்சம் கூடியிருக்கலாம், அல்லது பழசாகி அறுந்திருக்கலாம். கண்ணாடி கறுத்தோ வெள்ளி பூசின மாதிரியோ இருந்தால், வயர் நேராகத் தகரத்தில் தொட்டிருக்கிறது என்று சந்தேகியுங்கள்.

புது பியூஸ் ஒவ்வொன்றாகப் போட்டு எரித்துத் தேட வேண்டாம். பாஸ் எனக்குக் காட்டித் தந்த சோதனை பல்ப் போதும். பழைய பிரேக் லைட் பல்ப், 12 வோல்ட் 21 வாட். ஹோல்டரோடு இரண்டு வயர். அதை எரிந்த பியூஸ் இருந்த இடத்தில் இணையுங்கள். அந்தப் பாதையில் உள்ள சாமான்களை எல்லாம் ஓஃப் செய்யுங்கள். சாவி போட்டால்தான் கரன்ட் வரும் பாதை என்றால் சாவியைப் போடுங்கள். பல்ப் பிரகாசமாக எரிந்தால் எங்கோ வயர் தகரத்தில் தொடுகிறது. இந்த பல்ப் இருக்கும்வரை பாதையில் 2 அம்பியருக்கும் குறைவாகத்தான் ஓடும், அதனால் வயர் சூடாகாது, ஆறுதலாகத் தேடலாம். ஒவ்வொரு சாமானாகக் கனெக்டரைக் கழற்றுங்கள். ஏதோ ஒன்றைக் கழற்றும்போது பல்ப் அணைந்தால் பிழை அந்தப் பக்கம். எதைக் கழற்றியும் அணையாவிட்டால் வயர் கட்டை அங்கங்கே மெதுவாக அசையுங்கள். பல்ப் சிமிட்டும் இடத்தில் நில்லுங்கள், திறந்து பாருங்கள். எல்லாம் ஓஃபில் இருக்கும்போது பல்ப் எரியவில்லை என்றால், ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பாருங்கள். எந்தச் சுவிட்ச் போட்டால் சோதனை பல்ப் முழுப் பிரகாசத்தில் எரிகிறதோ, அந்த வழியில் தேடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இது பழைய, எளிய வண்டிகளுக்கான முறை. கம்ப்யூட்டர் பூட்டிய புதிய வண்டிகளில், அந்தக் கம்ப்யூட்டருக்குப் போகும் வயர்களில் இதைச் செய்யாதீர்கள்.

பிழை கிடைத்ததும் சரிசெய்வதில் அவசரம் கூடாது. வெந்த பகுதியை வெட்டிவிட்டு அதே தடிப்புள்ள வயரைப் போடுங்கள். வெறுமனே முறுக்கிப் பொலித்தீன் சுற்றுவது வேலையல்ல. ஈயம் வைத்து ஒட்டி, அல்லது நல்ல கிளிப் போட்டு இறுக்கி, அதற்குரிய டேப்பைச் சுற்றுங்கள். தகரத் துளைக்கு ரப்பர் வளையம், இல்லாவிட்டால் பழைய டியூபைக் கீறி வளைத்துப் போட்டாலும் பாதுகாப்புத்தான். வயர் ஆடாமல் கட்டுங்கள். பாட்டுப் பெட்டி வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் அதற்குத் தனி வயர், தனி பியூஸ். அந்த பியூஸ் பெட்டரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். கடைசியாக, குறித்த அதே அளவு பியூஸ்.

சில நேரம் பியூஸ் நன்றாக இருக்கும், லைட் மட்டும் மங்கும். பிரேக் பிடித்தால் சிக்னல் லைட்டும் சேர்ந்து சிமிட்டும். அப்போது எர்த்தைப் பாருங்கள். லைட்டிலிருந்து பொடிக்குப் போகும் வயர் பூட்டிய ஆணி துருப்பிடித்திருக்கும். கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, பளபளப்பு வந்ததும் இறுக்கிப் பூட்டினால் பாதி நோய் தீரும். அடிக்கடி பல்ப் எரிந்து போகிறதா? என்ஜின் ஓடும்போது பெட்டரியில் மீட்டர் வைத்துப் பாருங்கள். 12 வோல்ட் வண்டியில் 14 சொச்சம் காட்டுவது சரி. 15க்கு மேலே ஏறினால் ரெகுலேட்டர் பிழை, கராஜுக்குக் கொண்டு போங்கள். அதேபோல வயர் கட்டு முழுவதும் உருகியிருந்தாலோ சாவிச் சுவிட்ச் சூடாகினாலோ வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம், பாஸிடம் போங்கள்.

தாய்மாரே, அக்காமாரே, உங்களுக்கும் வேலை இருக்கிறது. ஏறுகிற வண்டியில் பிளாஸ்டிக் எரிகிற வாடை வந்தால் வெட்கப்படாமல் "தம்பி, நிறுத்து" என்று சொல்லுங்கள். பிள்ளையை இறக்கிவிட்டுப் போகும் வேனின் பின்னால் நின்று பிரேக் லைட் எரிகிறதா என்று பாருங்கள், எரியாவிட்டால் சாரதியிடம் சொல்லுங்கள். புகை வந்தால் சாவி ஓஃப், எல்லோரும் இறங்க வேண்டும், சாமானை எடுக்க நிற்கக் கூடாது. தீ எழுந்துவிட்டால் தூரப் போங்கள். பெற்றோல் உள்ள வண்டி, அது போனாலும் போகட்டும்.

லயத்திலும் இதே கதைதான். லயன் அறைகள் எரிந்தன, காரணம் மின்னொழுக்கு என்று பத்திரிகையில் எத்தனை முறை வாசித்திருக்கிறோம்? ஆனால் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், தொட்டால் ஆளைக் கொல்லும். வண்டியில் கற்றதை வைத்து வீட்டு வயரில் கை வைக்காதீர்கள். அதற்குத் தெரிந்த மின்னியலாளரைத்தான் கூப்பிட வேண்டும்.

கடைசியாகத் தோட்ட வாகனங்கள். கொழுந்து லொறியும், பெட்டி பூட்டிய டிரக்டரும் நிர்வாகத்தின் சொத்து. அவற்றைப் பராமரிப்பது நிர்வாகத்தின் கடமை, சாரதியின் சட்டைப்பையிலிருந்து போக வேண்டிய செலவல்ல. டிரக்டருக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள வயர் இழுபட்டு அறுந்து, பின் லைட் இல்லாமல் அந்தி நேரப் பனியில் போவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். பின்னால் வருகிற பஸ்காரருக்கு அது தெரியாது. அதில் நம் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

இதை வாயால் சொல்லிவிட்டு வரக் கூடாது. தோட்டக் கமிட்டி மூலம் எழுத்தில் கொடுங்கள். எந்த வாகனம், என்ன பிழை, எந்தத் திகதியில் கண்டது, யாரிடம் கொடுத்தது. ஒரு பிரதி நம் கையில், அதில் பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம். வேலையின்போது, வேலை காரணமாக விபத்தில் காயப்பட்டால் நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. விபத்து நடந்த பிறகு "சாரதியின் பிழை" என்று சொல்வது மிகச் சுலபம். பிழையை முதலே எழுதிக் கொடுத்த தாள் கையில் இருந்தால் அப்படிச் சொல்வது அவ்வளவு சுலபமல்ல. சாரதித் தோழர்களே, பியூஸுக்குப் பதிலாகக் கம்பி வைத்து ஓட்டச் சொன்னால் மறுத்து, அதையும் எழுதிக் கொடுங்கள். நீங்கள் தனியாக நிற்க வேண்டியதில்லை, கமிட்டி கூட நிற்கும்.

இந்தக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வைக்கிறேன். ஒவ்வொரு டிவிசனிலும் கமிட்டித் தலைவர் வீட்டில் ஒரு டப்பா. அதில் எல்லா அளவிலும் இரண்டு இரண்டு பியூஸ், ஒரு சோதனை பல்ப், டேப், உப்புத்தாள், கொஞ்ச வயர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பிரட்டுக்களத்தில் வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்துங்கள், ஒருவர் வண்டியை மற்றவர் பார்ப்போம். முன் லைட், பின் லைட், பிரேக், சிக்னல், ஹோர்ன். பியூஸ் பெட்டியைத் திறந்து, ஈயத்தாளும் கம்பியும் இருந்தால் அங்கேயே கழற்றி, சரியான பியூஸைப் போட்டு அனுப்புவோம். முதல் ஞாயிறுக்கு நான் வருகிறேன், பெரிய வகுப்புப் பிள்ளைகளையும் கூட்டி வருகிறேன். புத்தகத்தில் படிக்கிற பாடத்தை அவர்கள் கையால் தொட்டுப் பார்க்கட்டும்.

ஆதரிக்கிறவர்கள் கையை உயர்த்துங்கள்.